நம்பிக்கைக்கு வாடகை

கீழே வேலை செய்கிறவர்களை நம்புங்கள், அதிகாரத்தைக் கையில் கொடுங்கள், பொறுப்பில் பங்கு கொடுங்கள் என்று மேலாண்மை வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். மதுரையிலும் கோவையிலும் ஓட்டல் அரங்கு பிடித்து, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, மதியச் சாப்பாடும் போட்டுச் சொல்லித்தருகிறார்கள். விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு உரிமதாரர்கள் சிலருக்கு அந்த வகுப்பு தேவையே இல்லை. அவர்கள் தங்கள் ஆட்களை நம்புகிற அளவுக்கு நாட்டில் வேறெந்த முதலாளியும் நம்பியதில்லை. ஆலைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்றால் அந்த நம்பிக்கையின் ஆழத்தை நீங்களே அளந்துகொள்ளலாம்.

பட்டாசு ஆலைக்கு உரிமம் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது, 2008-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. எந்த அறை எங்கே, அறைக்கும் அறைக்கும் எத்தனை மீட்டர், எந்த அறையில் எவ்வளவு மருந்து, எத்தனை பேர் என்று வரைபடம் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். சின்ன ஆலை என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் தருகிற டி.ஆர்.ஓ. லைசென்ஸ்; பெரிய ஆலை என்றால் மத்திய வெடிபொருள் துறையின் தலைமையகம் தருகிற நாக்பூர் லைசென்ஸ். சிவகாசியில் ஒருவர் 'நம்மது நாக்பூர்' என்று சொன்னால் ஆரஞ்சுப் பழத்தைப் பற்றிப் பேசவில்லை என்று அர்த்தம். இத்தனை பாடுபட்டு வாங்கிய உரிமத்தைச் சட்டம் போட்டு அலுவலக அறைச் சுவரில் மாட்டிவிட்டு, பக்கத்தில் சாமி படத்துக்குப் பூப்போட்டுவிட்டு, முதலாளி அதிகாரப் பகிர்வைத் தொடங்குகிறார்.

பகிர்வு நடக்கும் விதம் இது. உரிமதாரர் ஆலையை ஒருவரிடம் குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்காரர் தான் நம்பப்பட்டதில் நெகிழ்ந்து, தானும் நாலு பேரை நம்பலாம் என்று முடிவு செய்து, இவருக்கு ஐந்து அறை, அவருக்கு எட்டு அறை என்று பிரித்துக் கொடுக்கிறார். இதுதான் உள்குத்தகை. ஒருவர் பேன்சி ரகம் செய்வார், ஒருவர் சத்த வெடி செய்வார், இன்னொருவர் ஆர்டருக்குத் தகுந்தபடி எது வேண்டுமானாலும் செய்வார். ஒரே காம்பவுண்டு, ஒரே உரிம எண், உள்ளே ஒருவருக்கொருவர் போட்டியாக மூன்று நாலு கம்பெனி. ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு போர்மேனை நம்புகிறார். போர்மேன் நாற்பது பெண்களை நம்புகிறார். இப்படி மேலிருந்து படிப்படியாக இறங்கி வந்த நம்பிக்கை கடைசியில் போய்ச் சேருகிற இடம், வெறுங்காலோடு, மூக்கில் துணி கட்டி, அலுமினியப் பொடியில் முகம் வெள்ளியாக மின்ன உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் மடி.

அவளுக்குக் கிடைத்திருக்கிற அதிகாரம் என்ன என்று கேட்பீர்கள். அந்த அறையில் என்ன வெடித்தாலும் எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவுதான்.

உள்குத்தகை சட்டவிரோதம். இது எல்லோருக்கும் தெரியும். மாவட்ட நிர்வாகம் விபத்துக்கு விபத்து மறக்காமல் எச்சரிக்கை விடுகிறது, 'உள்குத்தகைக்கு விட்டால் உரிமம் ரத்து' என்று. அந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டுத்தான் அடுத்த சீசனுக்கு வாடகை பேசுகிறார்கள். உரிமம் என்பது தொழில் செய்யத் தருகிற அனுமதி என்று நாக்பூர் நினைத்துக்கொண்டிருக்கிறது. சிவகாசிக்கு அது கடைத்தெருவில் உள்ள கட்டடத்தைப் போல, வாடகை வருகிற சொத்து. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் நைட்ரேட்டையும் தடுத்த பிறகு சொந்தமாகத் தொழில் நடத்துவது தலைவலி. வாடகைக்கு விடுவதில் அந்தத் தலைவலி இல்லை. தலைவலியை இன்னொருவர் தலைக்கு மாற்றிவிட்டால் போயிற்று. கொஞ்ச நாளில் அந்தத் தலையே இல்லாமல் போனாலும் வாடகை முன்பணமாக வந்திருக்கும்.

வாடகைக்கு எடுத்தவரின் கணக்கைப் பாருங்கள். அவருக்கு அந்த அறை ஐப்பசி வரைக்கும்தான். அடுத்த வருஷம் இதே அறை கிடைக்குமா என்று தெரியாது. ஆகவே இடிதாங்கியில் பணம் போட மாட்டார், சுவரைப் பூச மாட்டார், தரையில் ரப்பர் விரிப்புப் போட மாட்டார். எட்டு அறைக்குக் கொடுத்த பணத்தை எட்டு மாதத்தில் எடுத்தாக வேண்டும். விதி அறைக்கு நாலு பேர் என்கிறது. நாலு பேரை வைத்தால் வாடகை தேறாது. ஏழெட்டுப் பேரை உட்கார வைக்கிறார். இடம் பற்றாவிட்டால் மரத்தடி இருக்கிறது, இரண்டு அறைக்கு நடுவில் உள்ள வெறும் இடம் இருக்கிறது. அந்த வெறும் இடத்தைத்தான் வரைபடத்தில் பாதுகாப்பு இடைவெளி என்று போட்டிருந்தார்கள். ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குத் தாவாமல் இருக்க விட்ட இடம். அங்கே ஆளையும் அரைகுறைப் பட்டாசையும் பரப்பி வைத்தால் தீ நடந்து போகப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரிதான். காலையில் கலந்த மருந்து சாயங்காலம் மிச்சமிருந்தால் அழித்துவிட வேண்டும். மிச்ச மருந்தை அழிப்பது காசை அழிப்பது. ஆகவே அது ராத்திரி அங்கேயே தூங்கி, நீர்த்து, மறுநாள் காலையில் பெண்கள் வந்து கை வைக்கும்போது சூடேறி விழித்துக்கொள்கிறது.

மறுநாள் பத்திரிகையில் 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக' என்று வரும்.

இந்த உராய்வு என்கிறவனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் நாற்பது வருஷமாகத் தொடர்ந்து கொலை செய்துகொண்டு பிடிபடாமல் திரிகிற ஒரே ஆள் அவன்தான். முதல் தகவல் அறிக்கையிலிருந்து முதலமைச்சரின் இரங்கல் செய்தி வரை அவன் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. உராய்வுக்கு ஊர் கிடையாது, உறவு கிடையாது, ஜாமீன் கேட்கமாட்டான், தேர்தல் நன்கொடையும் தரமாட்டான். இப்படி ஒரு வசதியான குற்றவாளி கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் இருந்தால் உராய்வு எட்டுப் பேரைக் கொல்லும், நாலு பேர் இருந்தால் நாலு பேரைக் கொல்லும். மீதி நாலு பேரைக் கொன்றது யார் என்பதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி, ஓம் சக்தி பட்டாசு ஆலை. விதிமீறலுக்காக அதன் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று அப்போதே செய்தி வந்தது. நிறுத்திவைத்த உரிமத்தில் நிற்காமல் நடந்த ஆலை நடுப்பகலில் வெடித்தது. செத்தவர்கள் 38 பேர் என்று ஒரு கணக்கு, 40 என்று ஒரு கணக்கு. இதில் ஆலைத் தொழிலாளிகள் அல்லாதவர்களும் பலர். முதல் வெடி கேட்டு அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஓடி வந்தவர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு, உள்ளே சிக்கியவர்களை இழுத்துப் போட வந்தவர்களும் உண்டு. அடுத்தடுத்து வெடித்த பெரிய வெடிகளில் மாட்டிக்கொண்டார்கள். பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வது என்று ஒன்று உண்மையாகவே இந்த மாவட்டத்தில் நடந்திருக்கிறது என்றால் அது அன்றைக்கு அந்தப் புகைக்குள் நடந்தது. இழுத்துப் போடப் போனவர்கள் உரிமதாரர் இல்லை, குத்தகைக்காரர் இல்லை, எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவர்கள். உள்ளே கிடந்தது அவர்களுடைய ஊர்க்காரி, மதினி, பக்கத்து வீட்டு அக்கா மகள். அவ்வளவுதான் அவர்கள் வாங்கியிருந்த லைசென்ஸ்.

அப்போதும் குழு போட்டார்கள், பரிந்துரைத்தார்கள், இனிமேல் நடக்காது என்றார்கள்.

2021 பிப்ரவரி 12. சாத்தூர் பக்கம் அச்சங்குளம், ஸ்ரீ மாரியம்மாள் பட்டாசு ஆலை. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணையில், அந்த ஒரே ஆலை குத்தகையாகவும் உள்குத்தகையாகவும் பல கைகளுக்குப் போயிருந்தது தெரிந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. ஓய்வு பெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் தரச் சொன்னது. அச்சங்குளத்துச் சாம்பல் அள்ளி இரண்டு வாரம் ஆகவில்லை, பிப்ரவரி 25-இல் காளையார்குறிச்சியில் இன்னொரு ஆலை வெடித்தது. 2023 அக்டோபர் 17-இல் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலுமாக ஒரே நாளில் 14 பேர், பெரும்பாலோர் பெண்கள். 2024 பிப்ரவரி 17-இல் ராமுதேவன்பட்டி, 10 பேர். அதே வருஷம் மே 9-இல் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1-இல் சின்னக்காமன்பட்டி. இந்த ஊர்களின் பெயரை நீங்கள் வேறு எதற்காகவாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நல்ல கரிசல் காட்டு ஊர்கள். மழை வந்தால் சோளமும் பருத்தியும் வரும். மழை வருவதில்லை, ஆலை வேன் வருகிறது.

வெடித்த பிறகுதான் பொறுப்பைப் பகிர்வதில் நம்மவர்கள் காட்டுகிற பெருந்தன்மை முழுதாகத் தெரியும். 'உரிமதாரர், குத்தகைதாரர், போர்மேன் ஆகியோர் மீது வழக்குப் பதிவு.' முதல் இருவர் தலைமறைவு, தனிப்படை தேடுகிறது. போர்மேன் சாயங்காலமே கைது. அவர் எங்கே போய் மறைய முடியும்? தீக்காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார், அவருடைய சொந்தக்காரர்களில் இரண்டு பேர் உள்ளே கிடப்பார்கள். நாற்பது பெண்களைக் கூட்டிவந்த குற்றம், மருந்து எடை போட்ட குற்றம், மேலே இருந்து போனில் 'ஆர்டர் நிக்குதுப்பா, என்ன செய்வியோ தெரியாது' என்று வந்த சொல்லுக்குத் தலையாட்டிய குற்றம் எல்லாம் அவர் தலையில். உரிமதாரரிடம் கேட்டால், 'எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் நம்பி விட்டேன்' என்பார். இந்த வாக்கியத்துக்கு இருக்கிற வலிமையைக் கவனியுங்கள். லாபத்தில் பங்கு வரும்போது 'என் ஆலை'. பிணம் வரும்போது 'நம்பி விட்ட ஆலை'.

உடம்பில் பாதி வெந்து சிவகாசி அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவிலோ மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ கிடக்கிற பெண்ணிடம் 'உங்க முதலாளி பேரு என்னம்மா?' என்று கேட்டுப் பாருங்கள். 'போர்மேன் அண்ணனைத்தான் தெரியும் சார்' என்றுதான் பதில் வரும். பெயர் தெரியாத முதலாளிக்காக அவள் வெந்திருக்கிறாள். அவள் பெயரும் அவருக்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டில் இருந்தால்தானே பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.? பதிவேட்டில் அறைக்கு நாலு பேர்தான், விதிப்படி.

அரசாங்கம் கருணையில் குறை வைப்பதில்லை. அச்சங்குளத்துக்கு மாநில அரசு 3 லட்சம், பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சம். 2025-இல் மாநிலத் தொகை 4 லட்சமாக இருந்தது. விலைவாசிக்குத் தகுந்தபடி சாவின் விலையை உயர்த்துகிற பண்பு பாராட்டுக்குரியது. பட்டாசு விபத்தில் இறக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவை அரசே ஏற்கும், முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல திட்டம், ஒரு பிள்ளை படித்தாலும் லாபம். குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இனி வரப்போகிற அநாதைகளுக்கு முன்கூட்டியே நிதி ஒதுக்க முடிகிற ஓர் அரசுக்கு, எந்தக் காம்பவுண்டில் எத்தனை உள்குத்தகைக்காரர் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க ஏன் முடியவில்லை? சாத்தூர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற எந்த வேன் டிரைவரும் அரை மணி நேரத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுவார்.

அரசுத் துறைகளும் பொறுப்பைப் பங்கிட்டுத்தான் வைத்திருக்கின்றன. வெடிபொருள் பாதுகாப்பு மத்திய அரசு. தொழிலகப் பாதுகாப்பு மாநில அரசு. சின்ன உரிமம் வருவாய்த் துறை. தீ பிடித்தால் தீயணைப்புத் துறை. ஆள் செத்தால் காவல் துறை. இத்தனை பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்ததில் ஒருவர் பங்குக்கு வந்தது கண்ணுக்குத் தெரியாத அளவு. 'அந்த ஆலை நாக்பூர்' என்பார் மாவட்ட அதிகாரி. நாக்பூரிலிருந்து பார்த்தால் ஏழாயிரம்பண்ணை தெரியாது. விபத்து நடந்த வாரம் எல்லோரும் கூட்டாகக் கிளம்பி ஆய்வு செய்வார்கள். அதைக் கண்டித்து ஆலைகளைப் பூட்டிப் போராடிய முதலாளிகளும் இங்கே உண்டு. தொழிலாளிக்கு வேலை போச்சு என்று கண்ணீர் விடுவார்கள். வழக்கமாக நடக்க வேண்டியதைத்தான் செய்கிறோம் என்று அதிகாரிகளும் திருப்பிச் சொல்வதில்லை, ஏனென்றால் வழக்கமாக நடப்பதில்லை.

நேர்மையாக ஆலை நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அறைக்கு நாலு பேர், இருட்டுவதற்குள் வேலை நிறுத்தம், மிச்ச மருந்து அழிப்பு, பதிவேட்டில் பெயர், தீபாவளி போனஸ் என்று பிசகாமல் நடத்துபவர்கள். உள்குத்தகைக்காரன் பாதி விலைக்குச் சரக்கை இறக்கும்போது முதலில் அடி வாங்குவது இவர்கள்தான். ஆனால் இவர்களும் சங்கக் கூட்டத்தில் வாயைத் திறப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொந்தக்காரராகப் போய்விட்டார், சம்பந்தி வேறு.

எரிச்சல் எங்கே வருகிறது என்றால், கூட்டுப் பொறுப்பு என்றால் என்ன என்று தெரியாத ஊரில்லை இது. மகமை கண்ட மண். வியாபாரத்தில் வந்த ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை எடுத்துப் பொதுவில் வைத்து, உறவின்முறை அதற்குக் கணக்கு எழுதி, பள்ளிக்கூடமும் கிணறும் சத்திரமும் கட்டினார்கள். விருதுபட்டி என்று பெயர் இருந்த காலத்திலேயே, 1889-இல், சத்திரிய வித்தியாசாலா தொடங்கியது. வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து அந்தப் பள்ளியை நடத்தினார்கள். காமராசர் அங்கே படித்தவர். பிடி அரிசி போட்டவருக்குக் கணக்குக் கேட்கிற உரிமை இருந்தது, வாங்கியவருக்குக் கணக்குச் சொல்கிற கடமை இருந்தது. அதில் எவரும் அரிசியைப் போட்டுவிட்டுத் தலைமறைவு ஆகவில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறிப்போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தொழிலைக் கற்க முதலாளியே வேலைக்காரனாகப் போய் உட்கார்ந்த ஊர் இது. அவர்கள் வழிவந்த தொழிலில் இன்றைக்குச் சில உரிமதாரர்களுக்குத் தங்கள் ஆலையில் என்ன ரகம் உற்பத்தியாகிறது என்பதே பெட்டியின் மேல் லேபிளைப் பார்த்துத்தான் தெரியும்.

இதைவிட மோசமான இடத்தில் இதைவிட நல்லது நடந்திருக்கிறது. டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 2013 ஏப்ரல் 24-இல் 1,134 பேர் செத்தார்கள். அங்கும் இதே கதைதான்: சட்டை விற்றவன் ஐரோப்பாவில், தைத்தவள் வங்கதேசத்தில், நடுவில் யார் யாரோ. 'நாங்கள் நம்பி ஆர்டர் கொடுத்தோம்' என்று அந்த வெள்ளைக்காரக் கம்பெனிகளும் கையை உதறப் பார்த்தன. அடுத்த மாதமே தொழிற்சங்கங்கள் அவர்களை ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவைத்தன. கோர்ட்டுக்கு இழுக்கக்கூடிய ஒப்பந்தம். ஆலைகளைத் தனியாள் வந்து சோதிப்பார், அறிக்கை ஊருக்கே தெரியும்படி வெளியாகும், ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளி வேலை செய்ய மறுக்கலாம். 'இந்த அறைக்குள் நான் போகமாட்டேன் அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டு அன்றைய கூலியோடு ஒரு பெண் வீட்டுக்குப் போக முடிந்தால், அதற்கு அதிகாரம் என்று பெயர் வைக்கலாம். இங்கே அப்படிச் சொன்னால் மறுநாள் வேன் அவள் தெருவில் நிற்காது.

சிவகாசியிலும் அப்படி ஓர் ஒப்பந்தம் போடலாம். தீபாவளிக்கு மொத்தமாக வாங்குகிற வட இந்திய வியாபாரி, இங்கே சரக்குக்கு முன்பணம் தருகிற ஏஜென்ட், உரிமதாரர் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, எந்தக் கைக்கு மாறினாலும் உரிம எண் யாருடையதோ அவரே முதல் குற்றவாளி, அவர் சொத்திலிருந்தே நஷ்டஈடு என்று எழுதலாம். ஒவ்வோர் அறைக் கதவிலும் அந்த அறை இன்றைக்கு யார் கையில் என்று பெயரும் போன் நம்பரும் பெயிண்டில் எழுதி வைக்கலாம். வாரம் ஒருமுறை பெண்களே கூடி, எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு மிச்ச மருந்து என்று கையெழுத்துப் போட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டலாம். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை, பெயிண்ட் ஒரு லிட்டர் போதும். நடக்காது என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். தொழில் அழிந்துவிடும், சீனப் பட்டாசு வந்துவிடும், எட்டு லட்சம் குடும்பம் என்று மேடைக்கு மேடை சொல்கிற கணக்கு வந்துவிடும். அந்த எட்டு லட்சத்தில் ஒருத்தியின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் மேடை அமைதியாகிவிடும்.

எனவே அதுவரைக்கும், நம்பி விட்டேன் என்று சொல்கிற உரிமதாரர் அண்ணாச்சிகளுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் ஆட்கள் மேல் உங்களுக்கு இருக்கிற நம்பிக்கை உண்மையென்றால், சித்திரை வெயில் பத்து மணிக்கே தகிக்கிற ஒரு நாளில், நேற்றைய மிச்ச மருந்தைக் கையில் எடுக்கிற நேரமாகப் பார்த்து ஆலைக்கு வாருங்கள். காரை வெளியே நிறுத்திவிட்டு, செல்போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பெண்களுக்கு நடுவில் உட்காருங்கள். அறைக்கு நாலு பேர் வரை சட்டம் அனுமதிக்கிறது. உங்களுக்கு இடம் விடுவதற்காக யாராவது நாலைந்து பேர் எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும்.